பீலியை அடைத்த பிலோமினா

மேரிஜோசப்பின் ரீச்சருக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை குறிகட்டுவானில் படகு ஏறுகிறார். பிரியாவிடை மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி பெற்றார் சங்கத்தார் என்னைக் கேட்டார்கள். பதின்மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ், ஓர் ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இருந்து படிப்பித்திருக்கிறோம். நாலு வார்த்தை என்ன, நாற்பது பக்கம் எழுதலாம். ஆனால் 'அன்னாரின் அரும்பணி' என்று தொடங்குகிற சங்கதி எனக்கு வராது. வந்தாலும் எழுதமாட்டேன். நடந்ததை எழுதுகிறேன், மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

ஊர் அல்லைப்பிட்டிக்கு அங்காலே, கடலோரம். பேரை எழுதவில்லை. எழுதினால் ஊரில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், எழுதாவிட்டால் மீதிப் பேர் வருவார்கள். நான் இறுப்பிட்டிக்காரன், பெயர் பாலசிங்கம், படிப்பிப்பது கணக்கு. அறுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். மேல் இரண்டு வகுப்பும் எனக்கு, கீழ் மூன்று வகுப்பும் ரீச்சருக்கு. அதற்குமேல் ஆளில்லை.

வந்த முதல் நாளே எங்களுக்குள் கொழுவல். கடைசி அரை மணித்தியாலம் எல்லாப் பிள்ளைகளையும் தன் பக்கம் கூப்பிட்டுக் கதை சொல்லுவது ரீச்சரின் வழக்கமாம். என் நாலாம் ஐந்தாம் வகுப்பும் அதற்கு வரவேண்டுமாம். பின்னத்தைப் பாதியில் விட்டுவிட்டு நரிக்கதை கேட்கப் போவதா என்று கேட்டேன். நரி வருகிற கதை தனக்குத் தெரியாது, ஊரில் நரியே இல்லை என்றார். நான் தட்டியில் பிரம்பால் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அவ்வளவுதான். அடுத்த கிழமை பார்த்தால், பிள்ளைகள் போனபிறகு நான் வெறும் வகுப்பில் கதிரையைத் தட்டியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

ரீச்சர் இந்த ஊர்ப் பிள்ளைதான். தகப்பன் கடலுக்குப் போனவர், புருஷனும் கடலுக்குப் போகிறவர். ஐம்பத்தாறாம் ஆண்டு எஸ்.எஸ்.சி. பாஸ்பண்ணி, பதினெட்டு வயதில், கோயில் பள்ளிக்கூடத்தில் கைச்செலவுக்கும் காணாத காசுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த பிறகுதான் ரெயினிங், நியமனம் எல்லாம். படிப்பில் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். பெருக்கல் வாய்ப்பாட்டில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தடக்கும். அவரிடம் இருந்தது வேறொன்று. ஒரு மனுஷரைக் கண்டால் கேள்வி கேட்காமல் விடமாட்டார். பஸ் கொண்டக்ரரிடம், கையில் இத்தனை ரிக்கற்றை வைத்துக்கொண்டு மூக்குச் சொறிய வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டதை நானே கண்டிருக்கிறேன். ஐஸ் விற்க வருகிறவனிடம், வெயிலில் கரைந்துபோன ஐஸுக்கு வீட்டில் யாரிடம் ஏச்சு வாங்குவீர் என்று கேட்டார். வேறு யாரும் கேட்டால் வம்பு என்று முகத்தைச் சுளிப்பார்கள். இவர் கேட்டால் நின்று பதில் சொல்லுவார்கள். ஏனென்றால் பதில் வரும்வரை இமை வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார், வந்த பதிலைக் கொண்டுபோய்க் கதையில் வைப்பார். ஐஸ்காரன் இரண்டு கிழமைக்குப் பிறகு பள்ளிக்கூட வேலியில் சாய்ந்துகொண்டு, தன் வீட்டு ஏச்சைக் கரடி ஒன்று வாங்குகிற கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட மனுஷி ஒரேயொரு நாள் கேட்க மறந்தார். அந்த ஒரு நாளைத்தான் எழுதப்போகிறேன்.

அதற்குமுன் கிணற்றைச் சொல்லவேண்டும். தீவுக்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் கிணறு ஒன்பது. எட்டு உவர், ஒன்றுதான் நல்ல தண்ணீர். அந்த ஒன்றுக்கு முறை உண்டு. மாசியிலிருந்து மழை வரும்வரை வீட்டுக்கு மூன்று குடம், வீடுகளின் வரிசைப்படி, விடியற்காலையில். ஒரு வீட்டின் முறையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க ஏலாது, விற்கவும் ஏலாது. கிணற்றுக்குப் பத்தடிக்குள் செருப்பு ஆகாது, குளிக்கவோ கழுவவோ ஆகாது. நிலம் சப்பட்டை, கீழே கல்லு. ஊற்றுகிற தண்ணீர் ஓடுவதற்கு இடமில்லாமல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கித் திரும்பவும் கிணற்றுக்கே வந்துவிடும். இதை ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்தவுடன் இதுவும் தெரியும். கோயில் மூப்பர் சவிரிமுத்துதான் முறையைப் பார்ப்பவர். தண்ணீர் விஷயத்தில் பங்குச்சுவாமிகூட வாய் திறப்பதில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் தெற்கிலும் மலைநாட்டிலும் தமிழ்ச் சனத்தை அடித்துக் கலைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் முகாமில் இருந்த ஒரு குடும்பத்தைப் பங்குச்சுவாமி கூட்டிக்கொண்டு வந்து, கோயில் காணியில் வலை வைக்கிற பழைய கொட்டிலில் இருத்தினார். மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனம். தகப்பன் தங்கவேலு, தாய் பேச்சாயி, ஒன்பது வயதில் அஞ்சலை என்றொரு பெண்பிள்ளை. தங்கவேலுவுக்குக் கருவாடு காயப்போடுகிற வாடியில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு நாளும் ஊர் நல்லாய்த்தான் இருந்தது. பழைய பாய் கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள். பாவம் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை, முறை முடிந்து எல்லோரும் போனபிறகு, அஞ்சலை கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, வாளியால் அள்ளி, தலையில் ஊற்றி, சோப்புப் போட்டுக் குளித்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த ரீச்சர் கண்டார். நுரை கட்டிலிருந்து வழிந்து உள்ளே போகிறது. புரட்டாதி மாதம், கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர். ரீச்சர் போட்ட சத்தம் பள்ளிக்கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"எந்த ஊரிலையிருந்து வந்த சனியன் நீ? குடிக்கிற தண்ணியிலை ஊத்தையைக் கழுவுறியே."

சத்தத்துக்குச் சனம் கூடியது. அஞ்சலை தலையில் நுரையோடு நின்றது. கழுவிவிட ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை, அதுவே அப்படியே கொட்டிலுக்கு ஓடியது. மூப்பர் வந்து பார்த்தார். கிணற்றை இறைக்கவேண்டி வந்தது. கோடையில் இறைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் இறைத்தார்கள். இரண்டு நாள் ஊற்றுக்காகக் காத்திருந்தார்கள். வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. குழந்தைப்பிள்ளைக்காரிகள் அழுதார்கள். மூப்பர் தீர்ப்புச் சொன்னார்: மழை பெய்து கிணறு நிரம்பும்வரை தோட்டத்துச் சனம் கிணற்றடிக்கு வரப்படாது. குடிதண்ணீர் வேண்டுமென்றால் அல்லைப்பிட்டிப் பக்கம் போய் அள்ளட்டும். போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல். பேச்சாயிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

ஊருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பட்டது. தண்ணீர் என்றால் இந்தத் தீவுகளில் எவனுக்கும் மூளை ஒரு பக்கம்தான் வேலைசெய்யும்.

ரீச்சர் மட்டும் உருக்குலைந்து போனார். இரண்டு நாள் கதை இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் கிட்டப்போய் ஏன் பிள்ளை எண்டு கேட்டிருந்தால் அது ஒரு சின்னப்பிள்ளையின்ர பிழையாப் போயிருக்கும் மாஸ்ரர். நான் கத்தினபடியால் தோட்டத்துச் சனம் முழுப்பேரின்ர பிழையாப் போச்சு" என்றார். கிணறு பழுதானது பழுதானதுதானே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கொப்பியைத் திருத்தத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடத்திலும் ஊர்ச்சட்டம் வந்துவிட்டது. அஞ்சலையை ரீச்சர் மூன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார். பிள்ளைகள் வாங்கில் தள்ளித் தள்ளி இருந்து கடைசியில் அதற்கு ஒரு முழு வாங்கு கிடைத்தது. குடிக்கிற பானைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து வைத்தது மூப்பரின் மகள் மாக்கிறேற். பத்து வயது, என் ஐந்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளை. தேத்தண்ணிக் கடைகளில் சாதி பார்த்துச் சிலருக்குத் தேங்காய்ச் சிரட்டை நீட்டின காலம் போய்விட்டது என்று நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சிரட்டையை எடுத்து எறிந்தேன். மறுநாள் வேறொன்று இருந்தது.

ரீச்சர் தனக்குத் தெரிந்த ஆயுதத்தைத்தான் எடுத்தார். அடுத்த இரண்டு கிழமையும் ஒரே வகைக் கதை. புயலில் வழிதவறி வந்த ஆமைக்குத் தன் வளையில் இடம் கொடுத்த நண்டு. மழையில் நனைந்த வழிப்போக்கனுக்குத் தன் போர்வையைக் கொடுத்த சிறுமி. பிள்ளைகள் உருகினார்கள். நண்டின் வளை இடிந்த இடத்தில் மாக்கிறேற் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதது. முடிவில் ரீச்சர் கேள்வி கேட்பார்: வந்தவர்களை நாங்கள் எப்படி நடத்தவேண்டும்? முப்பது கையும் உயரும். அன்பாக நடத்தவேண்டும், உள்ளதைப் பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்று ஒரே குரலில் சொல்லுவார்கள். மணி அடிக்கும். வெளியே ஓடிப் பானையடியில் வரிசை கட்டுவார்கள். அஞ்சலை கிட்ட வந்தால் வரிசை இரண்டடி பின்னால் போகும்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உங்கள் கதை பாஸ், பிள்ளைகள் பெயில் என்று ரீச்சரிடம் சொன்னேன். வேறு யாரும் என்றால் என்னோடு ஒரு மாதம் கதைக்கமாட்டார்கள். இவர் கண்ணை அகல விரித்துக்கொண்டு, "அதுதான் மாஸ்ரர், ஏன்?" என்று கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். ஒரு யந்திரம் ஏன் ஓடவில்லை என்று கழற்றிப் பார்க்கிறவனின் முகம் அது.

மறுநாள் கதை சொல்லவில்லை. பிள்ளைகளிடம் ஒன்று கேட்டார். ஆமையும் நண்டும் கதையைக் கேட்கும்போது நீங்கள் மனதுக்குள் யாராக இருந்தீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நான் தட்டியடியில் நின்று எண்ணினேன். இருபத்தொன்பது நண்டு. ஒருவராவது ஆமை இல்லை. முப்பதாவது அஞ்சலை, அது வாயே திறக்கவில்லை. ஏன் ஆமையாக இருக்கவில்லை என்று ரீச்சர் மாக்கிறேற்றிடம் கேட்டார். "ஆமைக்கு ஒண்டுமில்லையே ரீச்சர். அது சும்மா வந்து கேக்குது. நண்டுக்குத்தானே வீடு இருக்கு" என்றது மாக்கிறேற். ரீச்சர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டிலுக்குப் போய்ப் பேச்சாயியோடு நிலத்தில் இருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார். முதலில் மன்னிப்புத்தான் கேட்டாராம். பேச்சாயி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் முடைந்துகொண்டிருந்த ஓலையை முடைந்தாராம். பிறகு மலை, லயம் என்கிற வரிசை வீடு, தேயிலைக் கொழுந்து, குளிர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். தண்ணீரைக் கேட்டபோதுதான் பேச்சாயி நிமிர்ந்து பார்த்தாராம். மலையில் ஊற்றுத் தண்ணீரை ஒரு தகரக் குழாயோ மூங்கிலோ வைத்து வழியவிடுவார்களாம். அதற்குப் பீலி என்று பேர். இரவு பகலாய் ஓடும், நிற்காது. அதன் கீழ் நின்று குளிக்கலாம், துவைக்கலாம், எல்லா அழுக்கும் பள்ளத்துக்குப் போய்விடும். "நீங்க நிக்கிற தண்ணியை அள்ளிக் குடிக்கிறீங்களே டீச்சர், மொத நாளு எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. சொல்லக் கூடாதுன்னு பேசாம குடிச்சேன்" என்றாராம் பேச்சாயி.

இதை எனக்குச் சொல்லும்போது ரீச்சர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நாங்கள் அவர்களை ஊத்தை என்று நினைத்திருக்கிறோம், அவர்கள் எங்களை. அதுவும் எங்கள் நல்ல தண்ணீரை. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் பேச்சாயி இன்னொன்றும் சொல்லியிருந்தார். நடந்து நடந்து தன் கால் வீங்கிவிட்டது. வவுனியாப் பக்கம் தங்கவேலுவின் சொந்தக்காரர் ஒருவர் காடு வெட்டுகிறார், அங்கே போகப் போகிறோம், சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு. ரீச்சருக்கு அது பெரிய அடி. காட்டுக்கு, வயிற்றுப்பிள்ளையோடு, மருந்தும் ஆஸ்பத்திரியும் இல்லாத இடத்துக்கு. தான் போட்ட ஒரு சத்தத்தால் போகிறார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பள்ளிக்கூட நாள் இருந்தது.

திங்கட்கிழமை பிலோமினாவின் கதை தொடங்கியது. பிலோமினா எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை, பத்து வயது. தகப்பனோடு கருவாடு விற்க ரயிலில் மலைநாட்டுக்குப் போகிறாள். ஸ்டேஷன் சனத்துக்குள் தகப்பனின் கை விட்டுப்போகிறது. ஆளைத் தெரியாது, ஊரைத் தெரியாது. கொழுந்து பறிக்கிற ஒரு பெண் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் ரீச்சர் எழும்பிச் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு, மிச்சம் நாளைக்கு என்றார். முப்பது பிள்ளையும் ஒரே குரலில் முனகியது எனக்குக் கேட்டது. நானும் முனகியிருப்பேன், பக்கத்தில் பிள்ளைகள் இல்லாவிட்டால்.

செவ்வாய்க்கிழமை பிலோமினா காலையில் கதவைத் திறந்து முகிலைக் கண்டு, ஊர் எரிகிறது என்று கத்தினாள். காலில் அட்டை ஏறினதைக் கண்டு, பாம்பென்று நினைத்து மூர்ச்சையானாள். பிறகு மலையின் உச்சிக்கு ஏறினாள். உச்சியில் நின்று பார்த்தால் கீழே எல்லாம் சமதரை என்று ரீச்சர் சொன்னார். பாவம், அவர் கண்ட மலை புத்தகத்தில் இருக்கிற முக்கோணம்தான். அப்போது பின் வாங்கிலிருந்து, "இல்ல டீச்சர்" என்று ஒரு குரல். "மலை முடியாது. ஒண்ணு ஏறுனா அந்தாண்ட இன்னொண்ணு நிக்கும்."

அஞ்சலை வாய் திறந்தது அன்றைக்குத்தான். இருபத்தொன்பது தலை திரும்பியது. ரீச்சர் அப்படியே கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன இருக்கும் என்று கேட்டார். அஞ்சலை சொல்லச் சொல்ல அவர் கதையைத் திருத்தினார். பிழை விட்டதற்காக அவர் வெட்கப்படவே இல்லை. மணி அடித்தபிறகு இரண்டு மூன்று பிள்ளைகள் பின் வாங்கடியில் நின்று, அட்டை கடித்தால் நோகுமா என்று அஞ்சலையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாக்கிறேற் போகவில்லை. ஆனால் காது கேட்கிற தூரத்தில் புத்தகத்தைக் கட்டிக் கட்டி அவிழ்த்தது.

வியாழக்கிழமை பிலோமினா பீலிக்குத் தண்ணீர் அள்ளப் போனாள். போய்ப் பார்த்தால் நல்ல தண்ணீர், தேனாட்டம் நல்ல தண்ணீர், யாரும் பிடிக்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளத்துக்குப் போகிறது. பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு பதறியது. குடம் நிரம்பிய பிறகும் ஓடுகிறது. ஒருவருமில்லை, மூடுவாருமில்லை. பிலோமினா தன் பாவாடைக் கரையைக் கிழித்து, உருட்டி, கல்லும் மண்ணும் வைத்து, பீலியை இறுக்கி அடைத்துவிட்டாள். அடைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

நல்ல வேலை செய்தாள் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டிக்கு இந்தப் பக்கம் தலையாட்டினேன். தண்ணீர் வீணாய்ப் போனால் அடைக்காமல் வேறு என்ன செய்வது? அஞ்சலை மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. "அய்யோ, கீழ் லயத்துக்குத் தண்ணி போகாதே" என்றது.

வெள்ளிக்கிழமை மிச்சத்தைச் சொன்னார். கீழ் லயத்தில் நாற்பது வீடு. உலை வைக்கத் தண்ணீர் இல்லை, பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் இல்லை. மேலே அடைத்த தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு பாதை வழியே பாய்ந்து ஒரு வீட்டுச் சுவரைச் சாய்த்துவிட்டது. சனம் ஏறி ஓடிவந்தது. முதலில் வந்தவள் அந்தத் தோட்டத்து ரீச்சர். பாவாடை கிழிந்து, கை முழுக்கச் சேறோடு நிற்கிற பிலோமினாவைக் கண்டாள். எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டாள்.

"எந்த ஊரிலையிருந்து வந்த சனியன் நீ?"

மேரிஜோசப்பின் ரீச்சர் அதை மெதுவாகச் சொல்லவில்லை. அன்றைக்குக் கிணற்றடியில் எப்படிக் கத்தினாரோ அப்படியே கத்தினார். கேட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்கவில்லை. மாக்கிறேற் எழும்பியது. அழவில்லை, கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"அவளுக்கு என்னெண்டு தெரியும் ரீச்சர்? அவள் நல்லதுக்குத்தானே அடைச்சவள்? அந்த ரீச்சர் ஏன் எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

"ஓம்" என்றார் ரீச்சர். "கேட்டிருக்கலாம். கேக்கேல்லை."

பிறகு அவர் செய்ததை நான் திட்டமிட்ட காரியம் என்று நினைத்தேன். இல்லை என்று பின்னால் சத்தியம் பண்ணினார். அஞ்சலையைப் பார்த்து, அந்தச் சனம் பிலோமினாவை என்ன செய்திருக்கும், முடிவை நீ சொல்லம்மா என்றார். நல்ல முடிவொன்று வரும், கொடுத்த முடிவைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று அவர் நம்பியிருக்கவேண்டும். அஞ்சலை எழும்பி நின்று யோசித்தது.

"தெரியாது டீச்சர். அங்க எங்களையே இருக்க விடல" என்றது.

மணி அடிக்கவேண்டியது நான். அடிக்க மறந்துபோனேன். பிள்ளைகள் தாங்களாகவே எழும்பி, சத்தமில்லாமல் போனார்கள். ரீச்சர் கதிரையில் அப்படியே இருந்தார். எனக்கு அவரில் பெரிய இரக்கம் வந்தது. பிரம்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். "கதையைச் சொல்லிப்போட்டு வீட்டை போற வேலை இனிச் சரிவராது மாஸ்ரர்" என்றார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் முதல் பஸ் பிடித்து வந்தேன். ஏன் என்று மனுசி கேட்டதற்கு, கொப்பி எடுக்க என்று பொய் சொன்னேன். என்ன நடக்கும் என்று அறியாமல் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

கிணற்றடியில் முறை நடந்துகொண்டிருந்தது. இருபது பெண்கள் குடங்களோடு வரிசையில். மூப்பர் வழக்கம்போலக் கல்லில் இருந்தார். மாக்கிறேற் தாயோடு நின்றது. ரீச்சர் தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவால் வந்தார். மறு கையால் பேச்சாயியின் கையைப் பிடித்திருந்தார். பின்னால் தங்கவேலு தலையில் தகரப் பெட்டியோடும், அஞ்சலை பாய்ச்சுருளோடும். பஸ்ஸுக்குப் போகிற வழியில் மறித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பத்தடிக்கு அங்காலே பேச்சாயி நின்றுவிட்டார். கையை இழுத்தும் வரவில்லை.

ரீச்சர் தன் முறை வரும்வரை காத்திருந்தார். வந்ததும் வாளியைத் தொடாமல் மூப்பரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குச் சத்தம் போட்டது தான்தான். சின்னப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊரைக் கூட்டினதும் தான்தான். மலையில் ஓடுகிற தண்ணீரில் குளித்த பிள்ளைக்கு எங்கள் கிணற்றின் குணம் தெரியாது. பிழை தன்னுடையது, தண்டனையை அவர்கள் அனுபவிக்கிறார்கள். தன் முறையில் அவர்களுக்குத் தண்ணீர் வார்க்கப் போவதாகச் சொன்னார்.

ஒரு வீட்டு முறையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க ஏலாது என்று மூப்பர் சொன்னார். அது ரீச்சருக்குத் தெரியாததா? "நான் முறையைக் குடுக்கேல்லை அண்ணை. இவை என்ர வீட்டு விருந்தாளியள். விருந்தாளிக்கு வீட்டு முறையிலை தண்ணி உண்டுதானே?" என்றார். உண்டு, அது பழைய வழக்கம். எத்தனை நாளைக்கு விருந்து என்று மூப்பர் கேட்டார். இருக்கும் வரைக்கும் என்றார் ரீச்சர். மூன்று குடத்துக்குமேல் ஒரு செம்பும் கிடையாது என்றார் மூப்பர். மூன்று குடம் இரண்டு வீட்டுக்குக் காணும் என்றார் ரீச்சர். காணாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வரிசையில் நின்ற ஒருத்தி, இரக்கம் வந்தால் கிணறு ஊறுமா என்று முணுமுணுத்தாள். நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். எல்லோருடைய மனமும் இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் இளகவில்லை. உப்புத் தேத்தண்ணி குடித்த வாய் அவ்வளவு கெதியில் இனிக்காது.

அப்போதுதான் மாக்கிறேற் தாயின் சேலையை விட்டுவிட்டு முன்னுக்கு வந்தது. "அப்பா, இவைக்குக் கிணத்து முறையை ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டது.

மூப்பர் விளங்காமல் பார்த்தார்.

"நீங்கள் சொன்னனீங்களோ? அம்மா சொன்னவவோ? ஆராவது சொன்னதோ?"

சவிரிமுத்து மூப்பர் கடலில் மூன்று புயலுக்குத் தப்பினவர். மகளின் கேள்விக்குத் தப்ப வழி தெரியாமல் வரிசையைப் பார்த்தார். பாய் கொடுத்தோம், அரிசி கொடுத்தோம். இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நடக்கத் தெரிந்தால் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

பேச்சாயி பத்தடிக்கு அங்காலே நின்றபடியே பேசினார். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. "எங்க நிக்கணும், எங்க நிக்கக் கூடாதுன்னு காட்டுனீங்கன்னா நின்னுக்குவோம் ஐயா. யாரும் காட்டலீங்களே."

மூப்பர் கல்லிலிருந்து எழும்பினார். கிணற்றுக் கட்டிலிருந்து அடி எண்ணி நடந்தார். பத்தாவது அடியில், பேச்சாயியின் காலுக்கு முன்னால், குதிக்காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் குளிக்கலாம், கழுவலாம். இந்தப் பக்கம் குடிக்கிறதுக்கு அள்ள மட்டும், வெறுங்காலோடு. வீட்டுக்கு மூன்று குடம், நாளையிலிருந்து கடைசி முறை இவர்களுக்கு என்றார். தங்கவேலு தலையிலிருந்த பெட்டியை இறக்கிவைத்தார்.

பேச்சாயி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். வீங்கின காலோடு இத்தனை நாளும் தினம் மூன்று மைல் நடந்தவர், வெகு நேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார்.

மூப்பர் எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார். "இவ்வளவுதான்."